பறவையைத் தின்னாத நாய்

எனக்கு வயது அறுபத்தெட்டு. ஏழு பேரை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். ஐந்து நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுவிட்டுப் போனது. ஏழு பேரும் இன்று தங்கள் கையால் சம்பாதித்துச் சாப்பிடுகிறார்கள். ஒருவரும் அடுத்தவர் வாசலில் போய் நிற்கவில்லை. இவர்களுக்கெல்லாம் முன்னால் ஒரு நாயை வளர்த்தேன். இதை எழுதுவது அந்த நாய்க்காக.

என் வயதுக்காரிகளே, மூக்கைச் சுளிக்காதீர்கள். ஈரமான நாயைத் தொட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் போட்டுக் கழுவ வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்த அளவு எனக்கும் தெரியும். நான் கழுவிய அளவுக்கு உங்களில் ஒருத்தியும் கழுவியிருக்க மாட்டீர்கள். ஒரு மழைக்காலம் முழுதும் என் விரல் இடுக்கெல்லாம் வெடித்துக் கிடந்தது.

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. இந்தப் பர்மா மண்ணில், லத்தாக் கடைத்தெருவில், வாப்பாவுக்குக் கயிற்றுக்கடை. அங்கே வந்து இறங்கும் மூட்டைகளின் மேல் மையால் எழுதியிருக்கும் தமிழ் எழுத்தைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அதனால் என் கையெழுத்து மூட்டை எழுத்து மாதிரிதான் இருக்கும். பெரிதாக, கோணலாக. இருக்கட்டும். பொய் இல்லாமல் இருக்கும்.

போன மாதம், இறந்துபோன சாச்சாவுக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதினார்கள். சாச்சா என்றால் வாப்பாவின் தம்பி. நீங்கள் பலபேர் வந்திருந்தீர்கள். ஓதி முடித்துச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. ஆண்கள் முன்கட்டில், நாம் திரைக்கு உள்ளே. அப்போது என் காக்கா, கூடப்பிறந்த அண்ணன், முன்கட்டில் உட்கார்ந்து சாச்சாவின் பெருமைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டே வந்தவர் நாய்க் கதைக்கு வந்தார். வேட்டைக்குக் கொண்டுபோன நாய் பறவையைத் திருடித் தின்ற கதை. எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். நான் பார்த்தேன். கதையின் முடிவில் காக்கா ஒன்று சொன்னார். அதற்கு முன் நான் அதைக் கேட்டதே இல்லை. அதை அதன் இடம் வரும்போது எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது முடிந்திருந்தது. வீடு இதே தாமுவே பேட்டைதான், ஆனால் அன்று பலகை வீடு. கொல்லையில் ஒரு மாமரம். இரண்டு வருஷத்துக்கு முந்திய பெரும்புயலில் விழுந்ததே, அதே மரம். சாச்சாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். மழை குறையும் காலத்தில் உள்ளான் குருவி வந்து இறங்கும். சேற்று நிறம், நீண்ட அலகு, கண்ணெதிரே உட்கார்ந்திருந்தாலும் தெரியாது. அதைச் சுட பசுந்தாவுங் ஓடையைச் சம்பான் படகில் கடந்து அக்கரைக்குப் போவார். இன்று தாகேதா என்று வீடும் சந்துமாகக் கிடக்கிறதே, அந்த இடம் அப்போது கண்ணுக்கெட்டும்வரை வயல்.

சாச்சாவுக்கு ஒரு குறை இருந்தது. சுட்ட பறவை சேற்றிலும் நெல்லுக்குள்ளும் விழும். தேடி எடுப்பதற்குள் செத்துவிடும். உயிர் இருக்கும்போதே கையில் கிடைத்தால்தானே பிஸ்மில்லா சொல்லிக் கத்தி வைக்க முடியும்? துப்பாக்கிக் குண்டில் செத்ததை எங்கள் வீட்டில் சமைக்க மாட்டார்கள். அதனால் பாதிக்கு மேல் சம்பான்கார ஊலேயிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருவார். ஊலே என்றுதான் பர்மியப் பெரியவர்களை நாங்கள் கூப்பிடுவது. அந்த ஊலே அந்த வருஷம் நன்றாகச் சாப்பிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஊருக்குக் கப்பல் ஏறிய ஒரு துரை தன் நாயைச் சாச்சாவிடம் விட்டுவிட்டுப் போனார். பெட்டை. முழு வளர்ச்சி இல்லை. தொங்கு காது, வெள்ளை உடம்பில் கருப்பட்டி நிறத்தில் பெரிய பெரிய திட்டுகள். துரை வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. நான் கருப்பட்டி என்று கூப்பிட்டேன். முதல் நாளே திரும்பிப் பார்த்தது.

அதை யார் தொடுவது என்று வீட்டில் பேச்சு வந்தது. வாப்பாவுக்குத் தொழுகை. உம்மாவுக்குத் தொழுகை. காக்காவுக்குப் பதினாலு வயது, அவருக்கும் தொழுகை. உம்மா என்னைப் பார்த்தார்.

"இவளுக்கு இன்னும் தொழுகை கடமையாகலியே. இவ பாக்கட்டும்."

"பொம்புளப்புள்ளயா நாயைப் பழக்கும்?" என்றார் வாப்பா.

"அப்ப நீங்க பழக்குங்க" என்றார் உம்மா. வாப்பா கடைக்குக் கிளம்பிவிட்டார்.

இப்படித்தான் அந்த வேலை என் தலையில் விழுந்தது. யாரும் என்னைக் கெட்டிக்காரி என்று நினைத்துக் கொடுக்கவில்லை.

எங்களுக்குக் காலையில் ஓதிக்கொடுக்க ஓர் ஆலிம்சா வருவார். அவரிடம் கேட்டேன், மார்க்கத்தில் எந்த நாயைப் பழகிய நாய் என்று சொல்வது என்று. அவர் சிரிக்கவில்லை. "அனுப்பினா போகணும். நிறுத்தினா நிக்கணும். புடிச்சதத் தான் தின்னக்கூடாது. இந்த மூணும் மறுபடி மறுபடி செஞ்சிதுன்னா அது பழகின நாய்" என்றார். எனக்கு அது போதும். அந்த மூன்றையும் கொல்லையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் தேங்காய் நாரை உருட்டி, மேலே கோழி இறகு சுற்றிக் கயிற்றால் கட்டினேன். கயிற்றுக்குக் குறைவா எங்கள் வீட்டில்? வீசினால் கருப்பட்டி ஓடும், கவ்வும், உதறும், நாரை நாராகப் பிய்த்துப் போடும். இந்த வாயில் உயிருள்ள குருவி எப்படித் தங்கும்? அடுத்த உருண்டைக்குள் துடைப்பக் குச்சிகளை முனை வெளியே தெரியாமல் செருகிக் கட்டினேன். மெல்லக் கவ்வினால் ஒன்றுமில்லை. அழுத்திக் கடித்தால் குத்தும். இரண்டு தடவை கத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது. அதன் பிறகு பூவை எடுப்பதுபோல எடுத்தது.

அப்புறம் முட்டை. உம்மாவின் கோழிகள் மாமரத்தடியில் இடும். முட்டையைப் புல்லில் வைத்து எடுத்துவரச் சொல்வேன். உடைந்த முட்டைகளின் ஓட்டை மண்ணுக்குள் புதைத்தேன். கோழிகள் கிளறி வெளியே போட்டன. உம்மா விளக்குமாற்றோடு வந்து நின்ற அன்றுதான் கருப்பட்டி முதல் முழு முட்டையைக் கொண்டுவந்தது. உம்மாவின் காலடியில் வைத்தது. அவர் அதை எடுக்கவும் மாட்டாமல், அடிக்கவும் மாட்டாமல், "ஓடு, கழுவு" என்றார். ஒரு தடவை என் கன்னத்தில் அரைத்துப் பூசியிருந்த தனக்கா மர விழுதை நக்கிவிட்டது. முகத்தை ஏழு தடவை கழுவியதில் மூக்குக்குள்ளே மண் போனது.

சீட்டி அடித்துத்தான் இந்த மாதிரி நாயைக் கூப்பிடுவார்களாம், சாச்சா சொன்னார். பொம்புளப்புள்ள சீட்டி அடிக்கக்கூடாது என்று உம்மா சொன்னார். அதனால் இரண்டு கொட்டாங்கச்சியை மணலில் தேய்த்து வழவழப்பாக்கி வைத்துக்கொண்டேன். உள்ளங்கையைக் காட்டினால் உட்கார வேண்டும். கொட்டாங்கச்சியைத் தட்டினால் எழுந்து வர வேண்டும். தட்டும்வரை அசையக்கூடாது. ஒருநாள் அதை உட்காரவைத்திருந்தபோது உம்மா அரிசி புடைக்கக் கூப்பிட்டார். போனவள் மறந்துவிட்டேன். மழை பிடித்துக்கொண்டது. ஞாபகம் வந்து ஓடிப்போய்ப் பார்த்தால், காதிலிருந்து தண்ணீர் ஒழுக, வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. வாசல் பக்கம் பார்த்தபடி. தட்டினேன். பாய்ந்து வந்தது. அன்று எனக்கு இருந்த பெருமை பிள்ளை பெற்றபோதுகூட இல்லை.

வேட்டைக்காலம் வந்தது. சாச்சா என்னையும் சம்பானில் ஏற்றிக்கொண்டார். சின்னப் பிள்ளைதானே என்று உம்மாவும் விட்டுவிட்டார். முதல் குருவி விழுந்தது. அனுப்பினேன். நெல் அசைவது மட்டும்தான் தெரிந்தது. திரும்பி வந்து என் கையில் வைத்தபோது குருவியின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஓர் இறகு கலையவில்லை, சிறகில் குண்டு பட்ட இடத்தைத் தவிர. சாச்சா கத்தியோடு ஓடி வந்தார்.

"சாகலியே புள்ள. சாகலியே" என்றார். ஊலே சம்பானில் இருந்தபடி, இனி தனக்குக் கருவாடுதான் என்று பர்மியில் சொன்னார்.

அந்த வேட்டைக்காலம் முழுக்க எங்கள் வீட்டுச் சட்டியில் உள்ளான் ஆணம் கொதித்து மணத்தது. நாயின் வாய் பட்ட இறகையும் தோலையும் உரித்துப் போட்டுவிட்டு, கறியை மண் சேர்த்து ஏழு தண்ணீரில் அலசித்தான் உம்மா சட்டியில் போடுவார். சாச்சா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "என் நாய்" என்று பேச ஆரம்பித்தார். என் நாய் பழகியது, என் நாய் கொண்டுவந்தது. இருக்கட்டும். அப்போது எனக்கு அதில் கோபம் இல்லை. இப்போது இருக்கிறது.

அந்தப் பேச்சு ஒரு பெரிய வியாபாரியின் காதுக்குப் போயிற்று. அவருக்கு ஒரே மகள். சாச்சாவுக்குப் பெண் கேட்டுப் போயிருந்த வீடு அது. "தம்பி, உங்க நாயை நானும் பாக்கணுமே. எனக்கும் சுட வரும்" என்றாராம். நாள் வைத்தார்கள். காலையில் வேட்டை, மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு, சாப்பாட்டுக்குப் பிறகு கல்யாணப் பேச்சு. ஆலிம்சாவையும் அழைத்திருந்தார்கள்.

நான் கிளம்பி நின்றேன். சாச்சா என்னைப் பார்த்து, "நீ எங்க? சம்பந்தி வீட்டு ஆளு வர்றாங்க. பொம்புளப்புள்ளயக் காட்டுலயும் மேட்டுலயும் இழுத்துட்டு அலையிறான்னு நெனப்பாங்க" என்றார். கொட்டாங்கச்சியை என் கையிலிருந்து வாங்கிக் காக்காவிடம் கொடுத்தார். கருப்பட்டி போகவே இல்லை. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் போனது.

வெயில் ஏறியதும் திரும்பினார்கள். காக்கா கொல்லைப்பக்கமாகப் பறவைகளைக் கொண்டுவந்து உம்மாவின் முன்னால் கொட்டினார். உள்ளான்களை எல்லாம் முறையாக அறுத்திருந்தார்கள். கூடவே ஒரு கிளுவை வாத்து. அதன் நெஞ்சு இருந்த இடத்தில் பெரிய ஓட்டை. கறி பிய்ந்து தொங்கியது.

"நாய் தின்னுடுச்சு" என்றார் காக்கா. என்னைப் பார்க்காமல் சொன்னார்.

நான் கிளுவையைத் திருப்பிப் பார்த்தேன். கருப்பட்டி எதையும் முதுகோடு சேர்த்துத்தான் கவ்வும். முதுகில் ஒரு பல் தடம் இல்லை. நெஞ்சு ஓட்டையைச் சுற்றி இறகு கருகியிருந்தது. கறிக்குள்ளே ஈயக் குண்டுகள் ஒரே இடத்தில் குவிந்திருந்தன. குட்டையில் உட்கார்ந்திருந்த வாத்தை, கிட்டத்தில் போய் நின்று சுட்டால்தான் அப்படி ஆகும். உம்மாவிடம் காட்டினேன். உம்மா கையில் வாங்கினார், விரலால் இறகை விலக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கீழே வைத்துவிட்டு, "போய்க் கை கழுவு" என்றார்.

உம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. அன்று எனக்கு அது விளங்கவில்லை.

சாச்சாவைக் கொல்லைப்பக்கம் இழுத்துவந்து, "சாச்சா, இது நாய் தின்னது இல்ல. கிட்டத்துல சுட்டது" என்றேன். என் காதைப் பிடித்தார். முறுக்கவில்லை, பிடித்தார்.

"அத எனக்கு நீ சொல்லணுமா? அவரு மாமனாராகப் போறவரு. அது நாய். வாய மூடு."

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். வியாபாரிதான் பேச்சை எடுத்தார். "எல்லாம் சரி தம்பி. ஆனா உங்க நாய் பழகின நாய் இல்ல. நான் சுட்ட கிளுவையத் தின்னுடுச்சே."

ஆலிம்சா கேட்டார், "தின்னத யாரு பாத்தது?"

சாச்சா உண்மையைச் சொல்லிவிடுவார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. பிறகு சாச்சாவின் குரல் கேட்டது.

"நான் பாத்தேன்."

ஆலிம்சா என்ன செய்வார்? சாட்சி சொன்னதைத்தானே அவர் எடுத்துக்கொள்ள முடியும். "அப்ப அந்தக் கிளுவைய விட்டுடுங்க. மத்ததெல்லாம் உயிரோட வந்து கையால அறுத்தது. அதுல சந்தேகம் இல்ல, சாப்பிடுங்க" என்றார். வியாபாரி, "மனசு ஒப்பல" என்று தட்டைத் தள்ளினார். மாமனார் தள்ளிய பிறகு மருமகன் சாப்பிடுவாரா? வாப்பாவும் தள்ளினார். உம்மா ஏழு தண்ணீரில் அலசிச் சமைத்த சட்டியைக் கொல்லைக் குழியில் கவிழ்த்தார்கள். காக்கைகளுக்கு அன்று பெருநாள். வந்தவர்கள் பருப்பாணமும் முட்டையும் சாப்பிட்டார்கள். கல்யாணப் பேச்சு நன்றாகவே முடிந்தது.

மறுநாள் காலை கருப்பட்டி இல்லை. சாச்சாவும் காக்காவும் விடியலிலேயே சம்பானில் போய்விட்டு வந்திருந்தார்கள்.

"ஓடிப்போச்சு" என்றார் சாச்சா. "அக்கரையில நாய்க் கூட்டத்தப் பாத்துச்சு, ஓடிடுச்சு. பழகாத நாய் அப்படித்தான்."

கொட்டாங்கச்சியைக் கேட்டேன். ஓடையில் விழுந்துவிட்டது என்றார் காக்கா. வேறு இரண்டு தேய்த்துக்கொண்டு ஓடைக்கரைக்குப் போய்த் தட்டினேன். பல நாள் போனேன். ஊலே என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வாப்பா, "நாய்தானே, விடு" என்றார். விட்டேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். எனக்கு ஒரு சந்தேகமும் ஒட்டிக்கொண்டது. ஒருவேளை ஓடித்தான் போயிற்றோ, நான் நினைத்த அளவுக்கு அது என்னை நினைக்கவில்லையோ என்று. இந்தச் சந்தேகத்தோடு கல்யாணம் செய்தேன், ஏழு பேரை வளர்த்தேன். மகள் தாகேதாவில் வாழ்க்கைப்பட்டாள். பாலத்தைக் கடந்து அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கரையைப் பார்ப்பேன். இவ்வளவு காலம் எந்த நாய் உயிரோடு இருக்கும்? இருந்தாலும் பார்ப்பேன்.

இப்போது காக்கா நாற்பதாம் நாள் அன்று சொன்னதை எழுதுகிறேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"தொரத்தினா போகல. கல்லெறிஞ்சாலும் பின்னாலயே வருது. கடைசியில நான் கையக் காட்டி உக்காருன்னேன். அந்த மடக் கழுதை உக்காந்துடுச்சு. நாங்க சம்பான்ல ஏறி இக்கரைக்கே வந்துட்டோம். அங்க சேத்துல அப்படியே உக்காந்திருக்கு. பொட்டு மாதிரித் தெரியிற வரைக்கும் உக்காந்திருந்துச்சு. கொட்டாங்கச்சியத் தண்ணில வீசிட்டேன்."

முன்கட்டு சிரித்தது. நான் திரையை விலக்கிக்கொண்டு ஆண்கள் நடுவே போய் நின்றேன். அறுபத்தெட்டு வயதில் எனக்கு என்ன திரை?

"காக்கா, பழகாத நாய் எப்படி உக்காந்துச்சு?"

அவருக்குப் புரியவில்லை, அடுத்த கவளத்தை வாயில் வைத்தார். மறுபடியும் கேட்டேன். "கைய வாயிலிருந்து எடுத்துட்டுச் சொல்லுங்க. பழகாத நாய்னுதான அத விட்டீங்க. பழகாத நாயா இருந்தா எப்படி உக்காரவெச்சிட்டு வந்தீங்க?"

யாரோ ஒரு மருமகன், "மாமி, சோறு ஆறுது" என்றான். காக்கா தலையைக் குனிந்துகொண்டார். "கிளுவை அவரு சுட்டதுதான்" என்று மெல்லச் சொன்னார். "குட்டையில உக்காந்திருந்தத, இங்கேருந்து அந்தத் தூணு தூரத்துல நின்னு சுட்டாரு. எல்லாருந்தான் பாத்தோம். இப்ப எதுக்கும்மா அது? சாச்சா மௌத்தாயிட்டாரு."

"நாயும்தான் மௌத்தாயிடுச்சு" என்றேன்.

அந்தச் சொல்லை நாய்க்குச் சொல்லலாமா என்று உங்களில் இருவர் பிறகு பேசிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். சொல்லுவேன். ஓடவில்லை அது. அனுப்பினால் போயிற்று, நிறுத்தினால் நின்றது, பிடித்ததைத் தின்னவில்லை. அவர்கள் போட்ட பழியைச் சுமந்துகொண்டு, நான் கற்றுக்கொடுத்ததைக் கடைசிவரை செய்தது. பொய் சாட்சி சொன்னவருக்கு ஏழு சட்டி பிரியாணி ஆக்கி ஃபாத்திஹா ஓதினோம். ஓதட்டும், நானும் கையேந்தினேன். ஆனால் இனிமேல் இந்தக் குடும்பத்தில் அந்த நாயைத் திருட்டு நாய் என்று ஒருவர் வாயும் சொல்லக்கூடாது. அதற்குத்தான் இவ்வளவு எழுத்தும்.

சாச்சி இருக்கிறாரே, அந்த வியாபாரியின் மகள், அவர் மனம் நோகாதா என்று காக்கா ஆள்விட்டுக் கேட்டார். சாச்சி எனக்கு நேற்றே சொல்லியனுப்பிவிட்டார், தன் வாப்பாவுக்குப் பறக்கிற எதையும் சுட வராது என்பது அவர்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியுமாம்.

இன்றைக்குக் காக்காவை வரச்சொன்னேன். வந்திருக்கிறார். கண்ணில் திரை விழுந்துவிட்டது, எழுத்துத் தெரியாது அவருக்கு. காது நன்றாகக் கேட்கும். என் பேத்தி பள்ளிவாசல் வகுப்பில் தமிழ் படிக்கிறாள். பர்மிதான் அவளுக்கு ஓடும், தமிழை எழுத்து எழுத்தாகத்தான் வாசிப்பாள். நல்லதுதான், நேரம் எடுக்கும்.

"எல்லாத்தையுமா உம்மம்மா?" என்று கேட்கிறாள்.

எல்லாவற்றையும்தான். காக்காவை உட்காருங்கள் என்றேன், முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார். நான் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார். வாசி புள்ள. முதலிலிருந்து, சத்தமாக வாசி.